மனனத்தோடு நின்றுவிட்ட நம் கடமை: பார்வையற்றோர் நூலகங்களின் வரலாறு

ரமளான் இரவுகளில் தராவீஹ் தொழுகையை முன்னின்று நடத்தும் பார்வையற்ற ஹாஃபிழ்களை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். முப்பது ஜுஸ்உகளையும் நெஞ்சில் ஏந்தி, தடுமாற்றமின்றி ஓதும் அவர்களின் பின்னே நிற்கும்போது நம் கண்கள் கசிகின்றன. தொழுகை முடிந்ததும் முஸாஃபஹா செய்கிறோம், துஆ கேட்கிறோம், பெருநாள் நெருங்கும்போது ஹதியா வழங்கி அனுப்பி வைக்கிறோம். ஆனால், அந்த ஹாஃபிழ் தம் அறைக்குத் திரும்பிய பின் எந்த நூலைப் படிப்பார் என்று நாம் கேட்டதுண்டா? ஒரு தஃப்ஸீரையோ, ஒரு வரலாற்று நூலையோ, அன்றைய நாளிதழையோ பிறர் உதவியின்றித் தாமே எடுத்துப் படிக்க அவருக்கு வழியிருக்கிறதா என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களை நாடி வந்த நிகழ்ச்சியும், அதையொட்டி ‘அபஸ’ அத்தியாயம் அருளப்பட்டதும் நாம் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவை. அவர் நாடி வந்தது பொருளுதவியை அன்று, கல்வியை. அந்தத் தேடலுக்கு உலகம் எவ்வாறு விடையளித்தது, நாம் எவ்வாறு விடையளித்தோம் என்பதை இக்கட்டுரையில் நினைவுகூர விரும்புகிறோம்.

பாக்தாதின் புத்தக வணிகர்

ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸலாஹுத்தீன் ஸஃபதீ என்னும் அறிஞர், பார்வையற்ற பெருமக்களின் வரலாறுகளை மட்டுமே தொகுத்து ஒரு நூல் எழுதினார். ‘நக்துல் ஹிம்யான்’ என்பது அதன் பெயர். கி.பி. 1363இல் மறைந்த அவர், அக்காலத்திலேயே இதற்கெனத் தனி நூல் எழுத முனைந்தார் என்பதே நம் முன்னோரிடையே பார்வையற்ற அறிஞர்கள் எத்தனை பேர் இருந்தனர் என்பதற்குச் சான்று.

அந்நூலில் இடம்பெறும் ஒருவர் ஜைனுத்தீன் ஆமிதீ. ஹன்பலி மத்ஹபைச் சார்ந்த சட்ட அறிஞர்; பல மொழிகள் அறிந்தவர். இளமையிலேயே பார்வையை இழந்த அவர் பாக்தாதில் புத்தக வணிகம் செய்துவந்தார். பெருந்தொகையான நூல்கள் அவரிடம் இருந்தன. யாரேனும் ஒரு நூலைக் கேட்டால், எழுந்து சென்று, கையால் தடவி, அந்த நூலையே எடுத்து வருவார்.

ஒவ்வொரு நூலையும் என்ன விலைக்கு வாங்கினோம் என்பதை அவர் நினைவில் வைத்துக்கொண்ட முறை இன்னும் வியப்புக்குரியது. மெல்லிய தாளை நூல்போல் முறுக்குவார். அதை அரபு எழுத்தின் வடிவில் வளைத்து அட்டையின் உட்புறத்தில் ஒட்டுவார். அதன்மேல் வேறொரு தாளை ஒட்டி நிலைப்படுத்துவார். விலை மறந்துபோனால் அந்த இடத்தை விரலால் தடவி அறிந்துகொள்வார். எழுத்து எவ்வாறு விலையைக் குறித்தது என்று நாம் ஐயுற வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் கடிதத்தின் தலைப்பில் 786 என்று எழுதினார்களே, அதே அப்ஜத் கணக்குத்தான். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்.

பிரெயில் எழுத்து தோன்றுவதற்கு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்னரே, விரலால் படிக்கும் எழுத்தை ஒரு பார்வையற்ற முஸ்லிம் தமக்கெனச் செய்துகொண்டார். ஆனால் அது ஒரு தனிமனிதரின் உத்தியாகவே நின்றுவிட்டது. அதை வளர்த்தெடுத்துப் பிறருக்குக் கற்பிக்க ஒரு மத்ரஸா முன்வரவில்லை. அவர் மறைந்தபோது அந்த எழுத்தும் அவரோடு மறைந்தது.

காதால் படித்த காலம்

பார்வையற்றோரின் கல்வியை நம் சமுதாயம் புறக்கணித்தது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. கெய்ரோவின் அல்அஸ்ஹரை ஒட்டி, 18ஆம் நூற்றாண்டில் உஸ்மான் கத்குதா என்பவர் பார்வையற்ற மாணவர்களுக்கெனத் தனி இடம் ஒன்றை எழுப்பினார். ‘ஸாவியத்துல் உம்யான்’ என அது அழைக்கப்பட்டது. 1830களில் கெய்ரோவில் தங்கியிருந்த எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர், அங்கே சுமார் 300 பார்வையற்றோர் வாழ்ந்ததையும், அவர்களுள் பெரும்பாலோர் மாணவர்கள் என்பதையும், அறக்கட்டளைப் பொருளில் அவர்கள் பராமரிக்கப்பட்டதையும் பதிவு செய்திருக்கிறார். உணவும் உறைவிடமும் ஆசிரியரும் அவர்களுக்குக் கிடைத்தன. நூல் மட்டும் பிறர் வாய் வழியாகவே வந்தது.

கேட்டுக் கற்பது நம் மரபில் குறைவான கல்வியாக ஒருபோதும் கருதப்பட்டதில்லை. குர்ஆன் ஓசையாலேயே நமக்கு வந்து சேர்ந்தது. தமிழகத்திலும் கடற்கரை ஊர்களின் இல்லங்களில் சீறாப்புராணத்தை ஒருவர் ஓத மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமாரும் கிஸ்ஸாக்களையும் முனாஜாத்துகளையும் கேட்டே கற்றனர். இந்த மரபு பார்வையற்றோர்க்கும் பெரும் கதவைத் திறந்துவிட்டது.

எனினும் கேட்பவர் எப்போதும் படிப்பவரைச் சார்ந்தே இருக்க வேண்டும். படிப்பவருக்கு நேரமிருக்கும்போதுதான் நூல் திறக்கும். அவர் விரும்பும் நூலே திறக்கும். அவர் களைத்தால் மூடிக்கொள்ளும். இந்தச் சார்பின் சுமையைத் தம் வாழ்வில் உணர்ந்தவர் எகிப்தின் தாஹா ஹுசைன். 1889இல் பிறந்த அவர் மூன்று வயதளவில், சரியான மருத்துவம் கிடைக்காமல், கண்ணோயால் பார்வையை இழந்தார். சிற்றூர் மக்தபில் குர்ஆனை மனனம் செய்தார். அக்காலத்தில் அத்தகைய சிறுவன் ஊர்தோறும் ஓதிப் பிழைக்கும் காரீயாக ஆவதே வழக்கம். அவரோ அல்அஸ்ஹருக்குச் சென்றார். பிறகு புதிதாகத் தொடங்கப்பட்ட எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1914இல், தம்மைப் போலவே பார்வையற்றவரான கவிஞர் அபுல் அலா மஅர்ரீயைப் பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்றார். பிரான்சில் பயின்றபோது, பின்னாளில் அவர் துணைவியான சூசான், அவருக்கு நூல்களை வாசித்துக் காட்டினார். 1950இல் அவர் எகிப்தின் கல்வி அமைச்சரானார்.

மனனம் அவருக்குக் கல்வியின் முதற்படியாக அமைந்தது. நம் ஊர்களிலோ பார்வையற்ற சிறுவனை ஹாஃபிழ் ஆக்கிவிட்டால் நம் கடமை முடிந்ததாக எண்ணிவிட்டோம். அந்தச் சிறுவன் மருத்துவத்தையோ, சட்டத்தையோ, கணிதத்தையோ, கவிதையையோ விரும்பக்கூடும் என்று நமக்குத் தோன்றவில்லை. சிறுமியைப் பற்றியோ அவ்வளவுகூட நாம் சிந்திக்கவில்லை.

ஆறு புள்ளிகள்

ஆமிதீயின் உத்தி பாக்தாதில் மறைந்துபோனது. அதே எண்ணம் பிற்காலத்தில் பாரிஸில் வேறொரு வடிவில் தோன்றியது. இம்முறை அதற்குப் பின்னால் ஒரு பள்ளி இருந்தது. வலண்டின் ஆவுய் என்பவர் 1785இல் பார்வையற்ற சிறார்க்கென அங்கே பள்ளி தொடங்கி, தாளில் எழுத்துகளைப் புடைக்கச் செய்து விரலால் படிக்கக் கற்பித்தார். அந்த நூல்கள் மிகப் பெரியவை, விலை மிகுந்தவை. ஒவ்வோர் எழுத்தையும் தடவி அறிய நெடுநேரம் ஆகும். மாணவர்களால் அந்த எழுத்தில் தாமே எழுதவும் இயலவில்லை.

அப்பள்ளிக்கு 1819இல் வந்து சேர்ந்த பத்து வயதுச் சிறுவர் லூயி பிரெயில். சேணம் தைக்கும் தந்தையின் பட்டறையில் விளையாடியபோது கூரிய கருவி கண்ணில் பட்டு, மூன்று வயதில் காயமுற்றவர். பின்னர் இரு கண்களின் பார்வையையும் இழந்தவர். சார்லஸ் பார்பியே என்பவர் வகுத்திருந்த பன்னிரு புள்ளி முறையை அவர் பள்ளியில் அறிந்தார். விரல் நுனிக்குள் ஒரே தொடுகையில் அடங்காத அம்முறையைச் சுருக்கி, 1824இல் தம் பதினைந்தாம் வயதில் ஆறு புள்ளிகளுக்குள் எழுத்துகளை அமைத்தார். 1829இல் அதை நூலாக வெளியிட்டார்.

கண்ணுள்ள ஆசிரியர்களில் சிலர் அதை விரும்பவில்லை. தங்களால் படிக்க இயலாத எழுத்தை மாணவர் படிப்பது அவர்களுக்கு ஏற்கவில்லை. பள்ளித் தலைமை ஒரு காலகட்டத்தில் அதைத் தடையும் செய்தது. ஆனால் மாணவர்கள் அதைக் கைவிடவில்லை. மறைவாக எழுதிப் பழகினர். பிரெயில் 1852இல் மறைந்தார். அவர் எழுத்தைப் பள்ளி முறையாக ஏற்றுக்கொண்டது 1854இல்தான்.

நூலகம் வீடு தேடி வந்தது

எழுத்து கிடைத்தது, அந்த எழுத்தில் நூல்கள் வேண்டுமே? பிரெயில் நூல்கள் பருமனானவை. ஓர் அச்சு நூல் பிரெயிலில் பல தொகுதிகளாக விரியும். தனி வீடுகளில் அவற்றை வாங்கி அடுக்குவது எளிதன்று. ஆகவே பார்வையற்றோர்க்கு நூலகம் மற்றவர்களைவிடவும் இன்றியமையாததாயிற்று. இங்கிலாந்தில் மார்த்தா அர்னால்ட் என்ற பெண்மணி 1882இல் தம் இல்லத்திலேயே பார்வையற்றோர்க்கான இரவல் நூலகத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் அந்நாட்டின் தேசியப் பார்வையற்றோர் நூலகமாக வளர்ந்தது.

இத்துறையில் அரசே முழுப் பொறுப்பை ஏற்ற வரலாறு அமெரிக்காவினுடையது. 1897இல் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில், அதன் தலைவர் ஜான் ரஸ்ஸல் யங், சுமார் 500 புடைப்பெழுத்து நூல்களோடும் இசைக்குறிப்புகளோடும் பார்வையற்றோர்க்கென ஒரு வாசிப்பறையைத் திறந்தார். ஆனால் நகரில் இருப்போரே அங்கு வர இயலும். துணையின்றி வெளியே செல்ல இயலாத வாசகர் என் செய்வார்? 1904இல் புடைப்பெழுத்து நூல்களை அஞ்சலில் கட்டணமின்றி அனுப்பச் சட்டம் வழிசெய்தது.

1931 மார்ச் 3ஆம் நாள் ‘பிராட் - ஸ்மூட் சட்டம்’ நிறைவேறியது. ரூத் பிராட், ரீட் ஸ்மூட் ஆகிய இரு மக்கள் பிரதிநிதிகளின் பெயரால் அமைந்த அச்சட்டம், பார்வையற்ற பெரியவர்களுக்கு நூல்கள் வழங்க ஆண்டுக்கு 1,00,000 டாலர் ஒதுக்கியது. நாட்டின் பல பகுதிகளிலுமாக 19 நூலகங்கள் அந்நூல்களை வாசகர்க்கு அனுப்பும் பொறுப்பை ஏற்றன. கடும் பொருளாதார மந்தத்தால் மக்கள் வேலையிழந்து தவித்த ஆண்டுகள் அவை. அந்நிலையிலும் நூல் தேவையென அந்நாடு கருதியது.

அடுத்து ஓர் உண்மை வெளிப்பட்டது. முதுமையில் பார்வை இழந்தோர் மிகப் பலர். தடித்துப்போன விரல்களால் புதிதாகப் பிரெயில் கற்பது அவர்களுக்குக் கடினம். 1934இல் ‘பேசும் நூல்கள்’ பிறந்தது அவர்களுக்காகவே. அக்கால இசைத்தட்டு நிமிடத்திற்கு 78 சுற்றுகள் சுழலும். ஒரு பக்கம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரு முழு நூலைப் பதிவு செய்ய அது உதவாது. எனவே நிமிடத்திற்கு 33⅓ சுற்றுகள் சுழலும் தட்டு பார்வையற்றோர்க்கென உருவாக்கப்பட்டது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 15 நிமிட வாசிப்பு அடங்கியது. அதைக் கேட்கும் கருவிகளையும் அரசு வேலைவாய்ப்புத் திட்டத்தின் கீழ்த் தயாரித்து வாசகர்களுக்கு இரவலாக வழங்கினர். இசைப்பிரியர்கள் பின்னர் கொண்டாடிய ‘எல்.பி.’ தட்டு 1948இல்தான் கடைகளுக்கு வந்தது. அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே பார்வையற்ற வாசகர் அவ்வேகத்தில் சுழலும் தட்டில் நூல் கேட்டுக்கொண்டிருந்தார்.

1952இல் சட்டத்திலிருந்து ‘பெரியவர்’ என்ற வரம்பு நீக்கப்பட்டுச் சிறாரும் பயன்பெற்றனர். 1966இல் இன்னொரு கதவு திறந்தது. பார்வையிருந்தும் உடற்குறையால் நூலைக் கையில் ஏந்தவோ பக்கத்தைப் புரட்டவோ இயலாதவர்களுக்கும் இச்சேவை உரியதாயிற்று. இதன் அருமை நம் வீடுகளுக்கு நன்கு விளங்கும். சுப்ஹுக்குப் பின் குர்ஆனையும், தேநீரோடு நாளிதழையும் தவறாது படித்த வாப்பா, பக்கவாதத்தால் கைகள் செயலிழந்து படுக்கையில் கிடக்கிறார். உணவும் மருந்தும் நேரத்திற்குக் கொடுக்கிறோம். அவர் வாசிப்பையும் இழந்துவிட்டார் என்பது நம் கணக்கில் வருவதில்லை.

மீமும் மகரமும்

மேலைநாடுகளில் இவ்வாறு நூலகங்கள் வளர, கீழை நாடுகளில் எழுத்தே சிதறிக் கிடந்தது. இந்தியாவில் மட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாத பல பிரெயில் முறைகள் வழங்கின. ஒரு முறையில் அச்சிட்ட நூல் மற்ற முறையைக் கற்றவர்க்குப் பயன்படாது. 1949இல் இந்திய அரசு இதுகுறித்து யுனெஸ்கோவின் உதவியை நாடியது. 1951இல் பெய்ரூத் நகரில் கூடிய மாநாட்டில் அரபு முதலிய மொழிகளுக்குப் பொதுவான நெறி வகுக்கப்பட்டது. ஒத்த ஒலிக்கு இயன்றவரை ஒத்த குறி என்பதே அந்நெறி. அவ்வாண்டே இந்திய மொழிகளுக்கான ‘பாரதி பிரெயில்’ நடைமுறைக்கு வந்தது. டேராடூனில் மத்திய பிரெயில் அச்சகமும் நிறுவப்பட்டது.

இதன் பயனை நம் மொழியிலேயே காணலாம். தமிழ் ‘ம’கரத்திற்கும் அரபு ‘மீம்’ எழுத்துக்கும் பிரெயிலில் ஒரே குறி. ‘ல’கரமும் ‘லாம்’ எழுத்தும் அவ்வாறே. அச்சில் வலமிருந்து இடமாகச் செல்லும் அரபு, பிரெயிலில் இடமிருந்து வலமாகச் செல்கிறது. ஆகவே பள்ளியில் தமிழ்ப் பிரெயில் கற்ற குழந்தைக்குக் குர்ஆனின் எழுத்து முற்றிலும் அயலானதன்று. கண்ணுள்ள பிள்ளைகள் இரு வேறு வரிவடிவங்களைத் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டியிருக்க, அக்குழந்தையின் விரல் பல எழுத்துகளை முன்பே அறிந்திருக்கும். இவ்வளவு எளிதான வழியிருந்தும், பிரெயிலில் ஓதக் கற்பிக்கும் மக்தபுகளை நம்மிடையே காண்பது அரிதாகவே உள்ளது.

மராகிஷில் ஓர் உடன்படிக்கை

எழுத்தும் நூலகமும் வந்தபின் வேறொரு தடை எஞ்சியது. அது பதிப்புரிமைச் சட்டம். அச்சு நூலைப் பிரெயிலாகவோ ஒலிநூலாகவோ மாற்ற உரிமையாளரின் இசைவு வேண்டும். சில நாடுகள் இதற்கு விலக்களித்தன. அந்த விலக்கும் எல்லை தாண்டிச் செல்லாது. ஒரு நாட்டில் உழைத்துப் பிரெயிலாக்கிய ஆங்கில நூலை, அதே மொழியைப் படிக்கும் வேறொரு நாட்டின் வாசகருக்கு அனுப்ப இயலவில்லை. அங்கே மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதனால் உலகில் வெளியாகும் நூல்களில் பத்தில் ஒரு பங்குகூடப் பார்வையற்றோர் படிக்கும் வடிவில் கிடைக்கவில்லை. உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் இதனை ‘நூல் பஞ்சம்’ என்றே அழைத்தது.

நெடிய போராட்டத்தின் முடிவில், 2013 ஜூன் 27 அன்று மொராக்கோவின் மராகிஷ் நகரில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கையை ஏற்றன. பார்வையற்றோர், பார்வைக் குறைவுடையோர், உடற்குறையால் அச்சு நூலைப் படிக்க இயலாதோர் ஆகியோருக்காக நூல்களை மாற்றி அமைக்கவும், எல்லை கடந்து பகிரவும் அது வழிவகுத்தது. மராகிஷின் புகழ்பெற்ற பள்ளிவாசலின் பெயர் ‘குதுபிய்யா’. ஒரு காலத்தில் அதனைச் சூழ்ந்திருந்த புத்தக வணிகர்களால் வந்த பெயர் அது. பாக்தாதின் பார்வையற்ற புத்தக வணிகரை அறிந்த நமக்கு, இத்தகைய உடன்படிக்கை அந்நகரில் உருவானது மன நிறைவைத் தருகிறது.

இவ்வுடன்படிக்கையை முதன்முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. நாள் 2014 ஜூன் 24. அதற்கு முன்பே, 2012இல், நம் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு இவ்விலக்கு சேர்க்கப்பட்டிருந்தது. 2016 செப்டம்பர் 30 அன்று உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டே இந்தியாவில் ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகமும் தொடங்கப்பட்டது. அச்சு நூலைப் படிக்க இயலாத எவரும் உறுப்பினராகி, பல மொழி நூல்களைத் தமக்கேற்ற வடிவில் அதிலிருந்து பெறலாம்.

நம் கையில் இருப்பது

இன்று தமிழகத்தில் வழியில்லை என்று எவரும் சொல்ல இயலாது. சென்னையில் கன்னிமாரா பொது நூலகத்திலும் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் பிரெயில் பிரிவுகள் உள்ளன. மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. பார்வையற்றோர்க்கான நூல் பொதிகளை இந்திய அஞ்சல் துறை 7 கிலோ வரை கட்டணமின்றி எடுத்துச் செல்கிறது. பாளையங்கோட்டை, பூந்தமல்லி முதலிய ஊர்களில் பார்வையற்றோர் பள்ளிகள் இயங்குகின்றன. கைப்பேசியிலேயே திரையில் உள்ள தமிழை ஒலித்துக் காட்டும் வசதி வந்துவிட்டது.

இவற்றை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் முதியோர்க்கும் அறிமுகப்படுத்துவது குடும்பத்தின் கடமை. ஜமாஅத்துகளுக்கும் பதிப்பகங்களுக்கும் வேறு கடமைகள் உள்ளன. நம் மார்க்க நூல்கள் பல, திரைவாசிப்பான் அறியாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சாகிக் கிடக்கின்றன. அவற்றை யுனிகோடு எழுத்துக்கு மாற்றி, நூல் வெளியாகும்போதே அந்தக் கோப்பைப் பார்வையற்றோர் நூலகங்களுக்கு வழங்கினால், பெரும் பொருட்செலவின்றி ஒரு தஃப்ஸீர் ஓர் இளம் ஹாஃபிழின் கைக்குச் சேரும். இது நிலைத்த தர்மமாக, ஸதகத்துல் ஜாரியாவாக, அமையும் என்பது நம் நம்பிக்கை.

அதற்கும் முன்னதாக இன்றே செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஜும்ஆ நேர மாற்றம் முதல் ஜனாஸா அறிவிப்பு வரை, மஹல்லாவின் செய்திகளை நாம் வாட்ஸ்அப்பில் வண்ணப் படங்களாகவே அனுப்புகிறோம். படத்திற்குள் இருக்கும் எழுத்தைப் பார்வையற்றோரின் கைப்பேசி பெரும்பாலும் வாசிப்பதில்லை. தம் தெருவில் நிகழ்ந்த ஒரு மரணத்தைக்கூட அவர் யாரேனும் சொல்லித்தான் அறிய வேண்டியிருக்கிறது. அந்தப் படத்தின் கீழே அதே செய்தியை நான்கு வரிகளில் தட்டச்சு செய்தால் போதும். அவரும் நம்மோடு ஜனாஸா தொழுகைக்கு வந்து நிற்பார்.

அடுத்த ரமளானில், தொழவைத்த ஹாஃபிழிடம் ஸலாம் கூறும்போது, அவர் படிக்க விரும்பும் நூல் எதுவென்றும் கேட்போம். அவர் கூறும் நூலை அவர் தாமே படிக்கும் வடிவில் பெற்றுக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.